சாவி, கட்டை, விசை: ‘கீ’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள்கள்

ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் பெயர்ச்சொற்களில் ‘கீ’யும் ஒன்று. பூட்டைத் திறக்கும் சாவி என்பது அதன் முதற்பொருள். பியானோவில் விரல் அழுத்தும் கட்டை, கணினியில் தட்டும் விசை, பாட்டின் சுருதி, தேர்வு முடிந்ததும் வெளியாகும் விடைக்குறிப்பு, வரைபடத்தின் ஓரத்திலுள்ள குறியீட்டு விளக்கம், தண்டவாளத்தை இறுக்கும் ஆப்பு, இரகசியச் செய்தியை மறைக்கும் எண் ஆகியவையும் அதே சொல்லால்தான் அழைக்கப்படுகின்றன. தமிழ் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச்சொல் வைத்திருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றினாலும் இந்தப் பொருள்கள் எல்லாம் சாவியின் மூன்று இயல்புகளிலிருந்து கிளைத்தவை: சாவி உருவில் சிறியது, தன்னைவிடப் பெரிய ஒன்றை இயக்கவோ தடுக்கவோ வல்லது, தனக்குரிய இடத்தில் சரியாகப் பொருந்தினால்தான் வேலை செய்யும்.

சொல்லின் பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ஏறக்குறைய ‘கேய்’ என்று ஒலித்தது. கி.பி. 1700 வாக்கில்தான் ‘கீ’ என்ற ஒலிப்பு பொதுவழக்கானது. இதன் வேர் என்ன என்பதை மொழியியலாளர்கள் இன்றுவரை உறுதிசெய்யவில்லை. ஆங்கிலத்தின் நெருங்கிய உறவான ஃபிரீசிய மொழியில் மட்டும் இதற்கு இணைச்சொல் உண்டு. ஜெர்மனும் டச்சும் ‘மூடுதல்’ என்ற பொருளுள்ள வேறு வேரிலிருந்து சாவிக்குப் பெயர் வைத்துக்கொண்டன.

இலத்தீனில் சாவிக்குப் பெயர் ‘கிளாவிஸ்’. அதிலிருந்து வந்த போர்ச்சுகீசியச் சொல்லே கடல்வழி வணிகத்தோடு இந்தியக் கரைக்கு வந்து தமிழில் ‘சாவி’ ஆயிற்று. இந்தியில் ‘சாபி’ ஆயிற்று. அலமாரி, ஜன்னல், மேசை ஆகிய சொற்களும் அதே வழியில் வந்தவை. ‘சாவி’ வருவதற்கு முன்பே தமிழில் ‘திறவுகோல்’ இருந்தது. அது இப்போது எழுத்திலும் கிறிஸ்தவ வேதாகமத்திலும் மேடைப் பேச்சிலும்தான் அதிகம் தென்படுகிறது. ஈழத்தமிழர் பேச்சில் சாவி என்பது ‘திறப்பு’. கன்னியாகுமரி மாவட்டத்தில் ‘தாக்கோல்’ என்பார்கள், மலையாளத்திலும் அதுவே. கதவின் தாழைத் திறக்கும் கோல் என்பது அதன் பொருள். நெல்லில் மணி பிடிக்காமல் போனால் ‘பயிர் சாவியாகிவிட்டது’ என்று உழவர்கள் சொல்லும் சாவி வேறு சொல். அதற்கும் பூட்டுக்கும் தொடர்பில்லை. ‘வாஷிங்டனில் திருமணம்’ எழுதிய சாவியின் பெயரும் பூட்டிலிருந்து வந்ததன்று. சா.விசுவநாதன் என்பதன் முதலெழுத்துகள் சேர்ந்த புனைபெயர் அது.

பூட்டின் சாவி

மனிதர் செய்த முதல் சாவிகள் மரத்தால் ஆனவை. பழைய எகிப்திலும் மெசப்பொத்தாமியாவிலும் கதவின் குறுக்கே ஓடும் மரத் தாழில் துளைகள் இருந்தன. மேலிருந்து மரமுளைகள் அந்தத் துளைகளுக்குள் விழுந்து தாழை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். பல்துலக்கி போன்ற உருவமுள்ள பெரிய மரச்சாவியை உள்ளே நுழைத்து உயர்த்தினால், அதிலுள்ள பற்கள் முளைகளைத் துளையிலிருந்து மேலே தள்ளும், தாழை இழுத்துவிடலாம். ரோமானியர்கள் உலோகத்துக்கு மாறியதும் சாவி சிறுத்தது. பையில்லாத உடை உடுத்திய அவர்கள், மோதிரத்தோடு சேர்ந்த சாவியை விரலில் அணிந்துகொண்டார்கள்.

அதன்பின் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் ஆண்டது தடுப்புப் பூட்டு. சாவி சுழலும் பாதையில் சில உலோகத் தடுப்புகள் நிற்கும். அவற்றுக்கு ஏற்ற வெட்டுள்ள சாவி மட்டும் முழுச்சுற்றுச் சுற்றும். இதில் ஓர் ஓட்டை இருந்தது. தடுப்பில் மோதாதபடி நடுப்பகுதியை முழுவதும் அரவி எடுத்துவிட்ட ஒற்றைச் சாவியால் அதே வகையான பல பூட்டுகளைத் திறக்கலாம். கள்ளச்சாவிக்காரர்களின் மூலதனம் அதுதான்.

இந்த ஓட்டையை அடைக்கும் முயற்சியில் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து முனைந்தது. 1778இல் இராபர்ட் பேரன் நெம்புத்தகடு பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். தகடுகளைக் குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, அதிகமாகத் தூக்கினாலும் திறக்காது. 1784இல் ஜோசப் பிராமா இன்னும் நுட்பமான ஒரு பூட்டைச் செய்து, பின்னர் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு இலண்டன் கடைச் சன்னலில் தொங்கவிட்டார். 1818இல் ஜெரமையா சப் செய்த பூட்டு, யாராவது கள்ளச்சாவி போட்டுப் பார்த்தால் இறுகிக்கொண்டு உரியவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். 1851இல் இலண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஏ.சி.ஹாப்ஸ், சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்துவிட்டார். பிராமாவின் பூட்டு 16 நாட்களில் பரவிய 51 மணி நேர உழைப்புக்குப் பின் திறந்துகொண்டது. பூட்டைப் பற்றி ஆங்கிலேயருக்கு இருந்த நம்பிக்கை அந்த ஆண்டு ஆட்டம் கண்டது.

இன்று வீட்டுக்கதவில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்காவின் லைனஸ் யேல் குடும்பம் தந்த பூட்டு. தந்தை 1840களில் தொடங்கியதை, 1861இல் மகன் தட்டையான சிறு சாவியோடு செம்மைப்படுத்தினார். இதன் நடுவே சுழலும் ஓர் உருளை இருக்கிறது. அதைச் சுற்றி அசையாத உறை. உறையிலிருந்து உருளைக்குள் இறங்கும் ஐந்து அல்லது ஆறு துளைகள் ஒவ்வொன்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஊசிகள். மேலே ஒரு சுருள்வில். கீழ் ஊசிகளின் நீளம் ஒன்றுக்கொன்று வேறுபடும். சாவி இல்லாதபோது மேல் ஊசிகள் உறைக்கும் உருளைக்கும் நடுவில் குறுக்கே நின்று உருளையைச் சுழலவிடுவதில்லை. சாவியின் விளிம்பிலுள்ள மேடுபள்ளங்கள் ஒவ்வொரு கீழ் ஊசியையும் தேவையான உயரத்துக்குத் தூக்குகின்றன. எல்லா இணைகளும் பிரியும் இடம் உருளையின் விளிம்போடு நேராக வந்த கணத்தில் உருளை சுழல்கிறது. ஐந்து ஊசிகள், ஒவ்வொன்றுக்கும் பத்து உயரங்கள் என்று வைத்தால் கணக்குப்படி ஓர் இலட்சம் வேறுபட்ட சாவிகள் சாத்தியம். அடுத்தடுத்த வெட்டுகளுக்கு இடையே அதிக ஏற்றத்தாழ்வு கூடாது என்பதால் நடைமுறையில் எண்ணிக்கை குறைவு.

தமிழ்நாட்டில் பூட்டு என்றதும் நினைவுக்கு வருவது திண்டுக்கல். கையால் அரவிச் செய்யும் நெம்புத்தகடு பூட்டுகளுக்கு அவ்வூர் பெயர்பெற்றது. மாங்காய் வடிவப் பூட்டு, திறக்கும்போது மணியடிக்கும் பூட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட சாவி கேட்கும் பூட்டு என்று பல வகைகள் அங்கே உருவாயின. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இயந்திரத்தில் வார்த்து மலிவாக வரும் அலிகார் பூட்டுகளோடு போட்டி போட முடியாமல் அந்தத் தொழில் சுருங்கிவிட்டது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாவியின் உருவமே மாறியது. விடுதி அறைகளுக்கு அட்டைச்சாவி வந்தது. கார் சாவிக்குள் ஒரு சில்லு குடியேறியது. அது அனுப்பும் குறியீட்டை வண்டி ஒப்புக்கொள்ளாவிட்டால், வெட்டு ஒத்துப்போகும் சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் உயிர்பெறாது.

உரிமையின் அடையாளம்

சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் பொறுப்பு இருக்கிறது. அதனால் சாவி அதிகாரத்துக்குச் சின்னமானது. தமிழ்க் குடும்பங்களில் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து மாமியாரிடமிருந்து மருமகளுக்குக் கைமாறும் நாள், வீட்டு நிர்வாகம் கைமாறும் நாள். வாடகை வீட்டைக் காலிசெய்வதையும் ‘சாவியை ஒப்படைத்துவிட்டார்’ என்றே சொல்கிறோம்.

விண்ணரசின் திறவுகோல்களை இயேசு பேதுருவிடம் தந்ததாக மத்தேயு நற்செய்தி சொல்வதால், பொன்னும் வெள்ளியுமான இரு சாவிகள் வத்திக்கான் கொடியில் இடம்பெற்றுள்ளன. போப்பைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தின் பெயரான ‘கான்கிளேவ்’ என்பதன் பொருளே ‘சாவியிட்டுப் பூட்டிய அறை’. நான்காம் கிளமெண்ட் 1268இல் இறந்தபின் இத்தாலியின் வித்தெர்போ நகரில் கூடிய கர்தினால்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முடிவெடுக்காமல் இழுத்தார்கள். பொறுமையிழந்த ஊரார் அவர்களை உள்ளே வைத்து அடைத்தனர். 1271இல் தேர்வான பத்தாம் கிரகோரி, 1274இல் இந்த அடைப்பையே சட்டமாக்கினார்.

எருசலேமில் இயேசுவின் கல்லறை அமைந்ததாகக் கருதப்படும் தேவாலயத்தைப் பல கிறிஸ்தவப் பிரிவுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. அதன் சாவியைக் காப்பது ஒரு முஸ்லிம் குடும்பம். கதவைத் திறப்பதும் மூடுவதும் இன்னொரு முஸ்லிம் குடும்பத்தின் உரிமை. பிரெஞ்சுப் புரட்சியில் வீழ்ந்த பாஸ்டில் சிறையின் சாவியை, 1790இல் பிரெஞ்சுப் படைத்தலைவர் லஃபாயெத், அமெரிக்க விடுதலைப் போரில் தன் தளபதியாக இருந்த ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தார். வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் வீட்டில் அது இன்றும் தொங்குகிறது.

முடுக்கும் சாவி

சுவர்க் கடிகாரத்தின் சாவி எதையும் திறப்பதில்லை. அது வில்லைச் சுருட்டி, பல நாட்களுக்கு வேண்டிய ஆற்றலைச் சேர்த்துவைக்கிறது. துளைக்குள் நுழைத்துத் திருப்புவதில் உள்ள ஒற்றுமையால் அதுவும் ‘கீ’ ஆனது. தமிழில் இதைச் ‘சாவி கொடுத்தல்’ என்கிறோம். கீ கொடுத்த பொம்மை தானாக ஆடுவதில்லை என்பதால், ‘அவனுக்குச் சாவி கொடுத்துவிட்டது யார்?’ என்றால் பின்னாலிருந்து தூண்டிவிட்டது யார் என்று பொருள். ஆங்கிலச் சொல்லுக்கு இல்லாத இந்தப் பொருளைத் தமிழ் தானே படைத்துக்கொண்டது.

இறுக்கும் ஆப்பு

கட்டுமானத்திலும் இயந்திரத்திலும் ‘கீ’ என்பது இரண்டு பகுதிகளைப் பிரியாமல் பிடித்து நிறுத்தும் துண்டு. வளைவு கட்டும்போது இருபுறமிருந்தும் கற்களை அடுக்கிக்கொண்டு வந்து, உச்சியில் ஆப்பு வடிவிலான ஒரு கல்லைக் கடைசியாகச் செருகுவார்கள். அதுவரை கீழிருக்கும் மரச்சாரம்தான் வளைவைத் தாங்கிக்கொண்டிருக்கும். உச்சிக்கல் அமர்ந்ததும் கற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு தாமாக நிற்கும், சாரத்தைப் பிரித்துவிடலாம். அந்தக் கல் ‘கீஸ்டோன்’. 1969இல் அமெரிக்க உயிரியலாளர் இராபர்ட் பெயின் இப்பெயரைச் சூழலியலுக்குக் கொண்டுபோனார். வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளிலிருந்து ஒருவகை நட்சத்திர மீனை மட்டும் அவர் அகற்றிவந்தபோது, சிப்பிகள் பெருகி மற்ற உயிர்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எண்ணிக்கையில் குறைந்திருந்தும் ஒரு சூழலையே தாங்கும் உயிரினத்துக்குக் ‘கீஸ்டோன் இனம்’ என்று பெயர் நிலைத்தது. இந்தக் கருத்தைச் சொல்லத் தமிழ் எடுப்பது தேரின் அச்சாணியை. திருக்குறளும் அந்த உவமையை ஆண்டிருக்கிறது.

பட்டறைகளில், சுழலும் தண்டின்மேல் கப்பி தனியாக வழுக்காதபடி இரண்டுக்கும் நடுவிலான பள்ளத்தில் செருகும் இரும்புத் துண்டைக் ‘கீ’ என்றும் அந்தப் பள்ளத்தைக் ‘கீவே’ என்றும் தொழிலாளர்கள் சொல்கிறார்கள். இரயில்வேயில் ‘கீமேன்’ என்றொரு பணி உண்டு. தண்டவாளத்தை அதன் தாங்கியோடு இறுக்கும் ஆப்புக்குப் பெயர் கீ. இரயில் ஓட ஓட அதிர்வில் ஆப்பு தளரும். கீமேன் நாள்தோறும் தன் பங்குத் தடத்தை நடந்து பார்த்து, தளர்ந்த ஆப்புகளைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவார். கையில் சிவப்பு, பச்சைக் கொடிகள் இருக்கும். தடத்தில் விரிசல் கண்டால் வண்டியை நிறுத்தவேண்டியவரும் அவரே. இப்போது பெரும்பாலான தடங்களில் ஆப்புக்குப் பதில் எஃகு வளைவுக் கவ்விகள் வந்துவிட்டன. பணியின் பெயர் மாறவில்லை.

விரல் தொடும் கீ

இசைக்கு இச்சொல் வந்த வழி சற்றுச் சுற்றானது. இடைக்கால ஐரோப்பாவில் இசையிலக்கணம் எழுதியவர்கள் சுரங்களைக் குறிக்கும் எழுத்துகளைக் ‘கிளாவிஸ்’, அதாவது சாவி, என்றார்கள். இசைக்குறிப்பைப் படிக்க அந்த எழுத்தே வழி திறந்தது. மேற்கத்திய இசைத்தாளில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வரும் ‘கிளெஃப்’ குறியின் பெயரிலும் அதே இலத்தீன் சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘கீ’ முதலில் சுரத்தையும், 1500 வாக்கில் அந்தச் சுரத்தை எழுப்ப விரல் அழுத்தும் கட்டையையும், 17ஆம் நூற்றாண்டில் ஒரு சுரத்தை ஆதாரமாக வைத்து எழும் முழுச் சுரக்கட்டமைப்பையும் குறித்தது. ஜெர்மனியர் பியானோவை ‘கிளாவியர்’ என்பதும் இதே வழியில்தான். கி.பி. 1700ஐ ஒட்டி ஃபிளாரன்சில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி செய்த பியானோவில் கட்டைகள் குறைவு. இன்றைய பியானோவில் வெள்ளை 52, கறுப்பு 36, ஆக 88.

தமிழ்ப் பாடகர்கள் இதே பாதையில் எதிர்ப்பக்கமிருந்து நடந்தார்கள். ஆங்கிலத்தில் சுரத்தின் பெயர் கட்டைக்குப் போயிற்று. தமிழில் கட்டையின் பெயர் சுருதிக்கு வந்தது. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என எண்ணி, நடுவில் வரும் கறுப்புக் கட்டைகளை அரையாகக் கொண்டார்கள். மேற்கத்திய ‘ஸி’ ஒரு கட்டை, அதற்கடுத்த கறுப்பு ஒன்றரை, ‘ஜி’ ஐந்து, அதையடுத்த கறுப்பு ஐந்தரை. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறுப்பு இல்லை என்பதால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. ஆண் குரல்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரையிலும் பெண் குரல்கள் ஐந்து, ஐந்தரையிலும் நிற்கும். எட்டுக் கட்டையில் பாடுகிறார் என்று வியந்து சொல்வதுண்டு; அது மீண்டும் மேல்ஸ்தாயியின் முதல் கட்டைதான்.

இசைக்கருவியிலிருந்து சொல் தந்திக்குத் தாவியது. மோர்ஸ் தந்திக் கருவியில் விரலால் அழுத்தும் நெம்புகோல் 1830களிலேயே ‘கீ’ எனப்பட்டது. அடுத்து வந்தது தட்டச்சுப்பொறி. அமெரிக்காவின் கிறிஸ்டோஃபர் ஷோல்ஸ் உருவாக்கிய பொறியை 1874இல் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் ‘க்வெர்ட்டி’ வரிசையே சிறிய மாற்றங்களோடு இன்றைய கைப்பேசித் திரைவரை தொடர்கிறது. ‘ஷிஃப்ட்’ விசையின் பெயரும் அந்தக் காலத்துச் சொத்து. அதை அழுத்தினால் பொறியின் ஒரு பகுதி உண்மையாகவே இடம் நகர்ந்து பெரிய எழுத்தை முன்னுக்குக் கொண்டுவரும்.

ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. தமிழின் 247 எழுத்துகளை அதே அளவுப் பொறியில் அடக்குவது எளிதாக இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர்.முத்தையா 1930களில் இதற்குக் கண்ட வழி ‘நகரா விசை’. சாதாரண விசையைத் தட்டினால் காகிதம் ஓர் எழுத்தளவு நகரும். நகரா விசையைத் தட்டினால் குறி மட்டும் விழும், காகிதம் அசையாது. புள்ளியை முதலில் தட்டி, பிறகு ‘க’வைத் தட்டினால் இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து ‘க்’ ஆகும். கணினி வந்தபின் இந்தக் கட்டுப்பாடு தேவையற்றுப் போனது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ‘தமிழ்99’ விசைப்பலகையை ஏற்றது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. ‘க’வையும் ‘இ’யையும் அடுத்தடுத்துத் தட்டினால் ‘கி’ தானாக வரும்.

பொருள் விளக்கும் கீ

அறியாததை அறியவைக்கும் பட்டியலும் ஆங்கிலத்தில் ‘கீ’தான். வரைபடத்தில் கருங்கோடு இரயில்பாதை, நீலம் ஆறு என்று சொல்லும் சிறு கட்டம் ஒரு கீ. போட்டித் தேர்வு எழுதியவர்கள் காத்திருக்கும் ‘ஆன்சர் கீ’ இன்னொன்று. தேர்வாணையங்கள் முதலில் உத்தேச விடைகளை வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டு, பிறகு இறுதி விடைக்குறிப்பை அறிவிக்கின்றன.

உயிரியலில் ‘அடையாளம் காணும் கீ’ என்ற அமைப்பு உண்டு. பிரெஞ்சு இயற்கையாளர் லமார்க் 1778இல் வெளியிட்ட தாவர நூலில் இதை முறையாகக் கையாண்டார். ஒவ்வொரு படியிலும் எதிரெதிரான இரு கூற்றுகள் இருக்கும். இலைகள் எதிரெதிரே அமைந்திருக்கின்றனவா, மாறிமாறியா? மாறிமாறி என்றால் குறிப்பிட்ட படிக்குப் போகவேண்டும். பூவிதழ்கள் இணைந்தவையா, தனித்தவையா? இப்படி ஒவ்வொரு முடிவிலும் சாத்தியங்கள் கழிந்துகொண்டே வந்து கடைசியில் ஒரே ஒரு பெயர் மிஞ்சும். தமிழ்நாட்டுத் தாவரவியல் மாணவர்கள் கையிலெடுக்கும் கேம்பிளின் ‘சென்னை மாகாணத் தாவரங்கள்’ என்ற ஆங்கில நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அதுவும் இந்த முறையிலேயே அமைந்தது. பூவும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கையில் இருந்தால், முன்பின் பார்த்திராத செடிக்கும் பெயர் கண்டுவிடலாம்.

மறந்துபோன எழுத்தைப் படிக்க உதவுவதும் கீ. 1799இல் எகிப்தில் கிடைத்த ரொசெட்டாக் கல்லில் ஒரே அரசாணை எகிப்தியப் பட எழுத்திலும், எகிப்திய வழக்கெழுத்திலும், கிரேக்கத்திலும் இருந்தது. கிரேக்கம் தெரிந்த உலகுக்கு அதுவே வழிகாட்டியது. 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்பொலியன் பட எழுத்தின் முறையை அவிழ்த்தார். சிந்துவெளி எழுத்துக்கு அப்படி ஓர் இருமொழிக் கல்வெட்டு இதுவரை கிடைக்கவில்லை. அது இன்னும் விவாதப் பொருளாகவே இருப்பதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

மறைக்கும் கீ

விளக்கும் கீ பிறருக்குத் திறந்துகாட்டுகிறது. மறையெழுத்தின் கீயோ பிறரை வெளியே நிறுத்துகிறது. ஜூலியஸ் சீசர் தம் கடிதங்களில் ஒவ்வோர் எழுத்தையும் மூன்று இடம் தள்ளி எழுதினார். தமிழ் மெய்வரிசையில் அப்படித் தள்ளினால் ‘கடல்’ என்பது ‘ஞநள்’ ஆகும். இங்கே தள்ளுவது முறை. மூன்று என்ற எண் கீ. தமிழ் மெய்கள் பதினெட்டுதான் என்பதால், பதினேழு எண்களைப் போட்டுப் பார்ப்பவர் எளிதில் படித்துவிடுவார்.

முறை எதிரிக்கு முழுவதும் தெரிந்துவிட்டாலும், கீ மட்டும் தெரியாதவரை செய்தி பாதுகாப்பாக இருக்கவேண்டும் என்ற விதியை 1883இல் டச்சு மொழியியலாளர் கெர்க்கோஃப்ஸ் வகுத்தார். இன்றைய கணினிப் பாதுகாப்பு இதன்மேல் நிற்கிறது. 1977இல் அமெரிக்க அரசு ஏற்ற ‘டெஸ்’ மறையெழுத்து முறையின் கீ 56 இருமங்கள் (பிட்) நீளம். சாத்தியமான கீக்களின் எண்ணிக்கை 72ஐ அடுத்துப் பதினைந்து சுழிகள் கொண்ட எண்ணுக்குச் சற்று அதிகம். 1998இல் இதற்கென்றே செய்த ஓர் இயந்திரம் 56 மணி நேரத்தில் சரியான கீயைக் கண்டுபிடித்துவிட்டது. இப்போது குறைந்தது 128 இருமங்கள் வேண்டும் என்கிறார்கள். ஒவ்வோர் இருமம் கூடும்போதும் தேடவேண்டிய எண்ணிக்கை இரட்டிக்கிறது. 128 இருமக் கீக்களை எண்ணினால் வருவது 39 இலக்க எண்.

கீயை அடுத்தவருக்கு எப்படி அனுப்புவது என்பது பழைய தலைவலி. வழியில் யாராவது நகல் எடுத்துவிட்டால் பூட்டியது வீண். 1976இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டிஃபியும் ஹெல்மனும் இதற்கு விடை சொன்னார்கள். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடல்மன் மூவரும் அதை நடைமுறைப்படுத்தும் ஒரு வழியைத் தந்தார்கள். ஒருவருக்கு இரண்டு கீ: ஒன்று பொதுக் கீ, இன்னொன்று தனிக் கீ. பொதுக் கீயை ஊரறியக் கொடுத்துவிடலாம். அதைக்கொண்டு யாரும் செய்தியைப் பூட்டலாம். திறப்பது தனிக் கீயால் மட்டுமே முடியும். இதைத் திருப்பிப்போட்டால் மின்னணுக் கையொப்பம் கிடைக்கிறது: தனிக் கீயால் ஒருவர் இட்ட ஒப்பத்தை யார் வேண்டுமானாலும் பொதுக் கீயால் சரிபார்க்கலாம். இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இத்தகைய கையொப்பத்துக்குச் சட்ட மதிப்பு அளித்தது.

தரவுத்தளத்தின் கீ இதிலிருந்து வேறுபட்டது. அதில் இரகசியம் எதுவும் இல்லை. கணினி அறிவியலாளர் எட்கர் காட் 1970இல் வகுத்த அட்டவணை முறையில், ஒவ்வொரு வரியையும் மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டும் பத்திக்கு ‘பிரைமரி கீ’ என்று பெயர். ஒரே வகுப்பில் மூன்று செல்விகள் இருக்கலாம். வருகைப் பதிவு எண் ஒவ்வொருவருக்கும் வேறு.

பூட்டும் சாவியும் வேதியியலில்

நொதிகள் ஏன் ஆளறிந்து வேலை செய்கின்றன என்பதை விளக்க, ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1894இல் பூட்டையும் சாவியையும் எடுத்துக்காட்டினார். நொதியின் பள்ளத்தில் சரியாகப் பொருந்தும் மூலக்கூறு மட்டுமே அதனால் மாற்றமடையும். சோற்றை நெடுநேரம் மென்றால் இலேசாக இனிப்பது, உமிழ்நீர் நொதி மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைப்பதால். வைக்கோலிலுள்ள செல்லுலோசும் அதே குளுக்கோசால் கோக்கப்பட்ட சங்கிலிதான். கோத்த விதம் வேறு என்பதால் அந்த நொதிக்கு அது பொருந்துவதில்லை. 1958இல் டேனியல் காஷ்லண்ட் இந்தக் கோட்பாட்டைத் திருத்தினார். மூலக்கூறு வந்து சேரும்போது நொதியும் சற்று வளைந்து தன் வடிவை மாற்றிக்கொள்கிறது என்பது அவர் விளக்கம்.

அடைமொழியாகவும் தொடர்களிலும்

ஒன்றை இயக்கும் சிறு பொருள் என்பதிலிருந்து ‘முதன்மையானது’ என்ற பொருள் பிறந்தது. முக்கியச் சாட்சி, முக்கியத் தொழில், திறவுச்சொல் என்று தமிழில் எழுதுபவற்றுக்கு முன்னால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘கீ’ நிற்கும். மாநாட்டின் மைய உரைக்குப் பெயரான ‘கீநோட்’ இசையிலிருந்து வந்தது. ஆதார சுரம் என்பது அதன் பொருள். ஆரவாரமில்லாததைச் சொல்லும் ‘லோ கீ’யும் தாழ்ந்த சுருதியிலிருந்து பிறந்ததே. திரைப்பட ஒளிப்பதிவாளர்கள் முதன்மை விளக்கைக் ‘கீ லைட்’ என்றும், நிழல் மிகுந்த ஒளியமைப்பை ‘லோ கீ’ என்றும் சொல்கிறார்கள். பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவில் 1987இல் வந்த ‘நாயகன்’ இவ்வகை ஒளிக்குத் தமிழில் பலரும் எடுத்துக்காட்டும் படம். வயிற்றில் சிறு துளைகளிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி சிகிச்சையை ஆங்கில நாளிதழ்கள் ‘கீஹோல்’ அறுவை என்றன. தமிழ் நாளிதழ்கள் அதைச் ‘சாவித்துவார அறுவை சிகிச்சை’ என்று எழுதின.

எழுத்து ஒன்று, வேர் வேறு

ஆங்கிலத்தில் ‘கீ’ என்று எழுதப்படுபவை எல்லாம் ஒரே சொல் அல்ல. அமெரிக்காவின் ஃபிளாரிடா முனையில் தொடராகக் கிடக்கும் தீவுகளுக்கு ‘ஃபிளாரிடா கீஸ்’ என்று பெயர். தாழ்ந்த சிறு தீவைக் குறிக்கும் ‘காயோ’ என்ற ஸ்பானியச் சொல்லின் திரிபு அது. ‘கீ வெஸ்ட்’ என்ற ஊர்ப்பெயரும் ‘எலும்புத் தீவு’ என்ற பொருளுள்ள ஸ்பானியப் பெயரிலிருந்து உருமாறியது. அங்கு விளையும் எலுமிச்சைக்கும் அதனால் ‘கீ லைம்’ என்று பெயர். கப்பல் அணையும் துறைமேடைக்கான ஆங்கிலச் சொல்லும் ‘கீ’ என்றே ஒலிக்கும். எழுத்தும் பிறப்பும் வேறு. அமெரிக்க நாட்டுப்பண்ணை 1814இல் எழுதிய ஃபிரான்சிஸ் ஸ்காட் கீயின் பெயரில் வருவது குடும்பப்பெயர். அவர் பெயரைத் தாங்கிய பால்டிமோர் பாலம்தான் 2024 மார்ச்சில் சரக்குக் கப்பல் மோதி இடிந்து விழுந்தது.

‘கீ’க்கு இத்தனை பொருள்கள் இருப்பதால், மொழிபெயர்ப்பவர்கள் ஒரே சொல்லுக்கு இடம் பார்த்துத் தமிழ் தேட வேண்டியிருக்கிறது. கதவுக்குச் சாவி அல்லது திறவுகோல், கணினிக்கு விசை, ஆர்மோனியத்துக்குக் கட்டை, பாட்டுக்குச் சுருதி, தேர்வுக்கு விடைக்குறிப்பு, வரைபடத்துக்குக் குறியீட்டு விளக்கம், வளைவுக்கு உச்சிக்கல். மறையெழுத்தின் கீயை மட்டும் சிலர் ‘திறவி’ என்றும் சிலர் ‘சாவி’ என்றும் எழுதுகிறார்கள்; அதற்கு ஒரு சொல் இன்னும் நிலைபெறவில்லை.